ஐந்தாவது நகல்

பைசாந்தூவில் மதியம் இரண்டு மணிக்கு
நாய்கூடத் தெருவைக் கடக்காது.
நேலிதா எச்செவெர்ரி அப்போதுதான்
மடிக்கணினியைத் திறப்பாள்.
சுரைக்குடுவையில் மாத்தே, கக்கத்தில் பிளாஸ்க்.
செவிலியர் பள்ளி, மூன்றாம் ஆண்டு,
மருந்தளவுக் கணக்கு.

பதினோரு ஆண்டாக அவளுக்கென்று ஒரு விக்கி.
மாணவிகள் படிக்கலாம், தொட முடியாது.
சொட்டு வேகத்திலிருந்து சிரைக்கு,
சிரையிலிருந்து சிறுநீரகத்துக்கு,
சிறுநீரகத்திலிருந்து
(ஏனென்று அவளுக்கே மறந்துவிட்டது)
சால்தோ பேருந்தின் நேர அட்டவணைக்கு.
எழுதாத பக்கங்கள் சிவப்பில் இருக்கும்.
‘முதியோருக்கு அளவு’ 2014இலிருந்து சிவப்பு.

உடற்கூறு எடுக்கும் மில்டன் பெரெய்ரா சிரிப்பார்:
“என்னுடையது அலமாரி. உன்னுடையது நூல்கண்டு.”
“நூல்கண்டுக்கு ஒரு முனை கிடைத்தால் போதும்” என்பாள்.
பெருமைதான்.
கொஞ்சம் அதிகமாகவே.

கணக்கு இது:
எட்டுக் கிலோ குழந்தை.
கிலோவுக்குப் பத்து மில்லிகிராம்.
குப்பியில் மில்லிக்கு நூறு.
விடை 0,8.

நான் இதை எழுதும் மொழியில்
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் நீங்கி மெய் மிஞ்சும்.
அந்த ஊரில் தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி.
பூஜ்யத்தின் காலடியில் கிடக்கும் ஒரு வால்.
உதிர்ந்தால் 08.
பெயரில்தான் பூஜ்யம், யாரும் அதை மதிப்பதில்லை.

2016 மார்ச்சில் உதிர்ந்தது.
ஒரே வாரத்தில் கண்டாள், அன்றே திருத்தினாள்.
அதற்குள் அந்தக் கணக்கை
இணைப்புக் கொடுக்கச் சோம்பி
இன்னும் நான்கு இடத்தில் ஒட்டியிருந்தாள்.
மூன்றைத் தேடிப் பிடித்தாள்.
ஐந்தாவது, ‘பழைய தேர்வுகள், உதிரி’யில்,
எந்த வழியும் போய்ச் சேராத பக்கத்தில்
எட்டு ஆண்டு உட்கார்ந்திருந்தது.

ஆகஸ்டில் யமிலா பிரிக்னோனிக்கு இரவுப் பயிற்சி.
குழந்தைகள் பிரிவு.
தராசில் அதே எட்டுக் கிலோ, தட்டில் அதே குப்பி.
கைபேசியில் தேடினாள்.
தேடல் வழி கேட்காது,
அநாதைப் பக்கத்தையும் இழுத்துவரும்.
எட்டு மில்லி உறிஞ்சினாள்.
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.
பிறகு குழந்தையின் முன்கையைப் பார்த்தாள்.
சிரிஞ்சுதான் தடிமனாகத் தெரிந்தது.

தொட்டியில் ஊற்றிவிட்டாள்.
மூத்த செவிலியை அழைத்தாள்.
விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு செய்தி:
“டீச்சர், இவ்வளவு சின்னக் கைக்கு இவ்வளவா?”

மாத்தேக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாது.
அன்று கொதித்தது.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்தாள்.
கணக்கு ஒரே பக்கத்தில்.
மற்ற நான்கிலும் அதற்கான வழி மட்டும்.
தவறிய பதிப்பை வரலாற்றிலிருந்தே துடைக்க
ஒரு பொத்தான் இருந்தது.
சுட்டி அதன்மேல் வெகுநேரம் நின்றது.
அழுத்தவில்லை.

“எப்படி இருக்கிறது நூல்கண்டு?” என்றார் மில்டன்.
“சிக்கு.”
அவர் அதற்குமேல் கேட்கவில்லை.
மறுநாள் தன் அலமாரியை அவரும்
கதவைச் சாத்திக்கொண்டு குடைந்ததாகக் கேள்வி.

வகுப்பில் 08ஐத் திரையில் போட்டாள்,
தேதியோடு, தன் பெயரோடு.
யமிலா கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.
எழுப்பவில்லை.

மாலையில்
‘பயிற்சிக் கணக்கு 14’ என்ற தலைப்பை அழித்து
‘இவ்வளவு சின்னக் கைக்கு இவ்வளவா?’ என்று வைத்தாள்.
பிறகு அமைப்புகளுக்குப் போய்
‘மாணவிகள் திருத்தலாம்’ என்ற கட்டத்தில்
ஒரு டிக்.
இரவெல்லாம் புரண்டு படுத்தாள்.

காலையில் முதல் திருத்தம் வந்திருந்தது.
மருந்தில் இல்லை.
சால்தோ பேருந்து ஆறு இருபதுக்கு இல்லையாம், ஆறு ஐந்துக்கு.
இரண்டு வருடமாகவே.